பஸ்ஸில் சொன்ன நேற்று

எங்கள் பக்கத்து ஆட்கள் இங்கிலீஷில் நேற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் காது தானாக நிமிர்ந்துகொள்ளும். தொழில் புத்தி. சித்தூரில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் சரி, திருச்சானூர் ஷேர் ஆட்டோவில் பாதி சீட்டிலும் பாதி அடுத்தவர் மடியிலுமாகப் போய்க்கொண்டிருந்தாலும் சரி, யாராவது போனில் “ஐ டிட்ன்ட் வென்ட்” என்று சொல்வது கேட்டால் மனசுக்குள் ஒரு சிவப்புப் பேனா மூடியைக் கழற்றும். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன். வாயைத் திறந்து திருத்தப்போய் ஒரு நாத்தனாரோடு பேச்சுவார்த்தையே நின்றுபோனவள் நான்.

கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று புரிந்தது. எங்கள் ஆட்கள் கண்டபடி தப்பு செய்வதில்லை. அதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. புட், கட் இரண்டும் நேற்றும் இன்றும் ஒரே மாதிரி இருப்பதால் எங்களுக்கு அவற்றின் மேல் தனிப் பிரியம். லீவு புட், போன் கட் என்று சொல்லிவிட்டால் காலத்தைப் பற்றிய கவலையே இல்லை. மற்றதற்கெல்லாம் ‘டிட்’ இருக்கிறது. சமையல் பண்ணினேன், போன் பண்ணினேன், கல்யாணம் பண்ணினேன் என்று எல்லாவற்றையும் ‘பண்ணி’ப் பழகிய வாய், குக்கிங் டிட், வாஷிங் டிட் என்றுதானே போகும்? ஒரே ஒரு இறந்தகாலம் மட்டும் எல்லோருக்கும் பிசகாமல் வரும். அது ‘எக்ஸ்பயர்டு’. மாத்திரை அட்டையைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆனது. மாத்திரையானாலும் மாமனாரானாலும் எங்கள் ஊரில் அதே வார்த்தையில்தான் போய்ச் சேர வேண்டும்.

என் பெரியப்பா திருமலையில் கோயில் கைங்கரியத்திலேயே காலத்தைக் கழித்தவர். வடக்கிலிருந்து வருகிற பக்தர்களிடம் பேச அவர் வைத்திருந்த இங்கிலீஷ் முழுக்கக் கேள்விகள்தான். “ஹேர் கிவன்? தர்ஷன் டன்? லட்டு டேக்கன்?” என்பார். யார் கொடுத்தார்கள், யார் எடுத்தார்கள் என்ற பேச்சே கிடையாது. எல்லாம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். ‘அடியேன்’ என்று சொல்லியே வளர்ந்த மனுஷருக்கு ‘நான் செய்தேன்’ என்று சொல்ல எந்த பாஷையிலும் நாக்கு வளையவில்லை.

நான் ஸ்ரீசிட்டியில், வண்டிகளுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கிற ஒரு தொழிற்சாலையில் பயிற்சி கொடுக்கிறேன். கையுறையை எப்போது மாட்டுவது, தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது, இதெல்லாம் ஒரு பாதி. இன்னொரு பாதி இங்கிலீஷ். அங்கே தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலக்கிறவர்கள்தான் நிறைய. ஆனால் மேனேஜர் வெளிநாட்டுக்காரர். அவருக்கும் இங்கிலீஷ் எங்களைப் போலவே வாடகைக்கு எடுத்த வீடுதான். “யெஸ்டர்டே மெஷின் ஸ்டாப். ஒய்?” என்று கேட்பார். இறந்தகாலத்துக்கு அவர் அதிகம் மெனக்கெடுவதில்லை.

ஷிப்ட் முடியும்போது, ஒரு வரிசை மெஷின்களுக்குப் பொறுப்பான லைன் லீடர் மேனேஜர் முன்னால் நின்று, அடுத்த ஷிப்டுக்காரர்களும் கேட்கும்படி, அன்று நடந்ததை இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இதற்கு ஹேண்ட்ஓவர் என்று பெயர். எங்கள் ஆட்கள் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். “ப்ராப்ளம் கேம் சார். ப்ராப்ளம் சால்வ்டு சார்.” மழை வந்தது, மழை விட்டது என்பதுபோல. எங்கள் வீடுகளில் டம்ளரை யாரும் உடைப்பதில்லை, டம்ளர் உடைந்துபோகும். பாலை யாரும் பொங்கவிடுவதில்லை, பால் பொங்கிவிடும். அதே மரியாதையைத்தான் தொழிற்சாலைக்கும் கொண்டுவந்திருந்தார்கள். மேனேஜர் விடாமல் “ஹூ?” என்று கேட்டால், லைன் லீடர் யாராக இருந்தாலும் பதில் ஒன்றே. “வீ சார்.” நாங்கள் என்று சொல்லிவிட்டால் யாரையும் பிடிக்க முடியாது. ஒருத்தரும் மற்றவரைக் காட்டிக்கொடுத்ததில்லை. எனக்கு அந்த ‘வீ’யின் மேல் மரியாதை உண்டு.

அந்தத் தொழிற்சாலையில் நாராயணவனத்துக்காரி ஒருத்தி இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் லாரி ஓட்டுகிறவர், எப்போதாவது வீடு வருவார். ஒரே பெண், பத்தாவது படிக்கிறது. இவளுக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். நைட் ஷிப்ட் வாரத்தில் அந்தப் பெண் ராத்திரி வீட்டில் தனியாக இருக்க வேண்டும். லைன் லீடர் ஆகிவிட்டால் பகல் ஷிப்ட் மட்டும்தான். அவளுக்கு வேண்டியது அது ஒன்றே. சம்பளம் எவ்வளவு கூடும் என்றுகூட அவள் என்னிடம் கேட்கவில்லை.

வேலையில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. இடித்தது இங்கிலீஷ்தான். கொஞ்ச நாள் பகல் ஷிப்டில் லீடராகப் போட்டுப் பார்க்கலாம், ஹேண்ட்ஓவர் ஒழுங்காகக் கொடுத்தால் நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கம்பெனி பஸ்ஸில் நான் திருச்சானூரில் ஏறுவேன், அவள் நாராயணவனத்தில் ஏறுவாள். என் பக்கத்து சீட்டைப் பிடித்து வைப்பேன். பிச்சாட்டூர் தாண்டி சத்தியவேடு வருவதற்குள் அவள் தன் நேற்றைய நாள் முழுவதையும் இங்கிலீஷில் சொல்லி முடிக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு.

முதல் நாள் இப்படி ஆரம்பித்தாள். “மார்னிங் வீ வேக்கப். வீ டிட் குக்கிங். வீ டிட் வாஷிங்.”

“வீன்னா யாரு?” என்றேன். “உங்க வீட்டுக்காரர் நெல்லூர்ல இருக்காரு. பொண்ணு தூங்கிட்டிருக்கு. யார் சமைச்சது?”

“நான்தான் மேடம்.”

“அப்ப ஐ சொல்லுங்க.”

அவளுக்கு முகம் கோணிப்போயிற்று. “எத்தினி வாட்டி மேடம் ஐ ஐன்னு சொல்றது? கேக்கறவங்க இன்னா நெனைப்பாங்க? இந்தக் குடும்பத்தையே நான்தான் இஸ்துகினு போற மாதிரி.”

“நீங்கதானே இழுத்துட்டுப் போறீங்க?”

“அதுக்குன்னு வாய்விட்டுச் சொல்லிக்கினு கீறதா?”

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் சுலபமாக வரும். வீட்டு வேலை, மிஷின் வேலை, பெண்ணின் பள்ளிக்கூடம், மாமியாரின் மருந்து எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் செய்துவிட்டு அதில் பாதிப் பெருமையை இல்லாத ஆட்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிற பெண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். இவளை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். அவள் ‘வீ’ என்று சொல்லும்போதெல்லாம் அவள் டிபன் பையை ஒரு தட்டு தட்டுவேன். முன் சீட்டில் இருப்பவர்களும் சேர்ந்துகொண்டு “ஐ, ஐ” என்று கத்துவார்கள். பஸ் முழுக்கச் சிரிப்பாக இருக்கும்.

மெதுவாக வந்தது. ஐ குக்டு. ஐ ஃபில்டு வாட்டர். ஐ போர்டு தோசை. மாவு ஊற்றுவதற்கு என்ன வார்த்தை என்று அவளே கேட்டுத் தெரிந்துகொண்டது அது. அது அவளுக்குப் பிடித்துப்போய், எண்ணெய், டீ, செடிக்குத் தண்ணீர் என்று எல்லாவற்றையும் ‘போர்டு’ பண்ணினாள். இப்படித்தான் எனக்கு அவள் வீடு தெரிந்தது. நான் அங்கே போனதே இல்லை. ஆனால் எந்த நேரத்துக்குக் குழாயில் தண்ணீர் வரும், மாமியார் எதற்குக் கோபித்துக்கொண்டு கொழுந்தனார் வீட்டுக்குப் போனார், பெண் எந்தப் பாடத்தில் அழுகிறது எல்லாம் இங்கிலீஷ் இறந்தகாலத்தில் எனக்கு வந்து சேர்ந்தது.

ஒரு நாள் காலையில் அவள் நேற்றைச் சொல்லவில்லை. போன மாதத்து நைட் ஷிப்டைச் சொன்னாள். “மை டாட்டர் போன்டு. ஷி செட், அம்மா, சம்படி நாக்டு த டோர். ஐ டோல்டு, டோன்ட் ஓப்பன். ஐ வாஸ் இன் மெஷின்.” அதற்கு மேல் தமிழுக்கு மாறிவிட்டாள். “அதுக்கப்புறம் விடியற வரைக்கும் நான் எத்தினி பீஸ் எடுத்தேன், இன்னா எடுத்தேன், ஒண்ணியும் தெரியல மேடம்” என்றாள். முன் சீட்டுக்காரர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கதவைத் தட்டியது யார் என்று கடைசிவரை தெரியவில்லையாம்.

அவளுடைய சோதனைக் காலத்தின் கடைசி நாள் வந்தது. அதுவரை ஹேண்ட்ஓவரில் ஒரு பிசகும் இல்லை. மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போகிற அளவுக்குத் தேறியிருந்தாள்.

அவள் லைனில் செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் புதிதாகச் சேர்ந்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர். கான்ட்ராக்டர் மூலமாக வந்தவர். சத்தியவேட்டில் ஒரு ரூமில் நாலைந்து பெண்களோடு தங்கியிருந்தார். எல்லோரும் அவரை அக்கா என்று கூப்பிட்டார்கள். பிளாஸ்டிக் குருணையை அடுப்பில் காயவைத்த பிறகுதான் மெஷினில் கொட்ட வேண்டும். ஈரம் இருந்தால் பாகத்தின் மேல் வெள்ளி வெள்ளியாகக் கோடு விழும். எந்த மூட்டை காய்ந்தது, எது காயாதது என்று மூட்டையின் மேல் சாக்பீஸில் தெலுங்கில் எழுதி வைப்பது அங்கே வழக்கம். அந்த அக்காவுக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது. கேட்கவும் கூச்சம். இரண்டு மூட்டையில் குத்துமதிப்பாக ஒன்றை எடுத்துக் கொட்டிவிட்டார், அது காயாதது. இவள் பார்த்து மெஷினை நிறுத்துவதற்குள் காலை முழுக்க வார்த்தது எல்லாம் குப்பைக்குப் போகிற மாதிரி ஆகிவிட்டது.

கேன்டீனில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்து இவ்வளவையும் சொன்னாள். தட்டில் இருந்ததைத் தொடவில்லை. “இன்னிக்குன்னு பாத்து வந்து சேந்துச்சு மேடம். இத எப்டி இங்கிலீஷ்ல சொல்றது?”

“முதல்ல சாப்பிடுங்க” என்றேன். பிறகு சொல்லிக் கொடுத்தேன். “ராங் மெட்டீரியல் வாஸ் போர்டு. தப்பான மெட்டீரியல் ஊத்தப்பட்டுது. யாருன்னு சொல்லவே வேண்டாம். இங்கிலீஷ்காரங்களே இப்படித்தான் சொல்லுவாங்க.”

அவள் முகம் தெளிந்தது. “அவங்களும் டம்ளர் ஒடைஞ்சுபோச்சு ஆளுங்கதானா?” என்றாள். சாப்பிட்டுக்கொண்டே பலமுறை சொல்லிப் பார்த்தாள். வாஸ் போர்டு, வாஸ் போர்டு. எனக்கும் திருப்தியாக இருந்தது. என் பெரியப்பாவின் இங்கிலீஷுக்கு இவ்வளவு கௌரவமான ஒரு சட்டை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

ஹேண்ட்ஓவருக்கு நானும் போய் ஓரமாக நின்றேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு, நடுங்காமல் சொன்னாள். “மார்னிங் லைன் ஸ்டார்ட்டட் ஆன் டைம் சார். ராங் மெட்டீரியல் வாஸ் போர்டு. பார்ட்ஸ் வேர் ரிஜெக்டட். ஐ ஸ்டாப்டு த மெஷின். ப்ராப்ளம் சால்வ்டு.”

ஒரு எழுத்து பிசகவில்லை. மேனேஜர் தலையாட்டவில்லை. வீணாகிப்போன பாகங்கள் ஒரு பெரிய தொட்டியில் அவர் பக்கத்திலேயே கிடந்தன. அவருக்கும் மேலே ஒருவர் கேள்வி கேட்பார் போலிருக்கிறது.

“ஹூ?” என்றார்.

“வீ சார்.”

“நோ வீ. எவ்ரிடே வீ. டுடே நோ வீ. ஒன் பெர்சன். ஹூ?”

கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர் கையில் போனை வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தார். கடைசி வரிசையில் அந்தச் செய்யாற்று அக்கா கையுறையைக் கழற்றி முறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த ஒற்றை வார்த்தை அவருக்குப் புரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு அடி முன்னால் எடுத்துவைக்கப் போனார்.

“ஐ சார்” என்றாள் நாராயணவனத்துக்காரி.

“யூ?”

“யெஸ் சார். ஐ போர்டு த மெட்டீரியல். ஐ டிட்ன்ட் செக் த பேக்.”

அந்த ‘ஐ’யை அவள் வாயிலிருந்து வரவழைக்க நான் பட்ட பாடு பஸ்ஸுக்கே தெரியும். தோசைக்காகக் கற்றுக்கொண்ட வார்த்தை அது. அவள் சமைத்ததற்கு, சுமந்ததற்கு, பெற்று வளர்த்ததற்கு வராத ‘ஐ’, செய்யாத ஒரு காரியத்துக்கு அவ்வளவு தெளிவாக வந்தது. மேனேஜர் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார். “ஓகே. ஹானஸ்ட். குட்” என்றார். மறுநாள் மெமோ வந்தது. மெமோ வாங்கியவர்களை அந்த வருஷம் லைன் லீடர் ஆக்குவதில்லை.

அன்று ஹேண்ட்ஓவர் முடிந்ததும் நான் அவளை வராந்தாவில் பிடித்து நிறுத்தினேன். “உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?” என்றேன். சத்தமாகவே சொன்னேன். “உங்க பொண்ணுக்காகத்தானே இவ்வளவும்? அவகிட்ட போய் என்ன சொல்லுவீங்க?”

“நான் சொன்னா மெமோ மேடம்” என்றாள். “அவங்க சொன்னா கேட்டுக்கு வெளிய. கான்ட்ராக்ட் ஆளு. செவுத்தோரம் நின்ன ஆளு ஒரு போன் பண்ணா போதும், சாயங்காலமே பொட்டிய எடுத்துக்கினு செய்யாறு பஸ் ஏறணும். ஊருல இன்னா கீதுன்னு போவாங்க? ஒண்ணியும் இல்லாமதான வந்தாங்க.”

“நீங்க செய்யாததைச் செஞ்சேன்னு சொன்னீங்களே?”

“மூட்டைல தெலுங்குல எழுதி கீது, படிக்கத் தெரியுமான்னு நான் கேட்டேனா? லீடர்னு நின்னுகினு இருந்தேன் இல்ல? அப்ப பாதி நான்தான மேடம்.”

“பாதிதானே?”

“பாதிய இங்கிலீஷ்ல எப்டி சொல்றது? உங்களுக்குத் தெரியுமா?”

அவள் அதற்கு மேல் தாங்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள். “எம் பொண்ணு காலண்டர்ல கோடு போட்டுக்கினு கீறா மேடம், இன்னிக்கோட நைட் ஷிப்ட் இல்லன்னு” என்றாள். நான் போய் மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் அந்த அக்கா கேட்டுக்கு வெளியே போவார், இவள் அழுததும் வீணாகும். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவளிடம் கொடுத்தேன். அதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

லைன் லீடர் வேலை வேறொருவருக்குப் போயிற்று. அவளுக்குப் பழையபடி மாறி மாறி ஷிப்ட் வந்தது. என் பக்கத்து சீட் சில வாரம் காலியாகவும் சில வாரம் நிறைந்தும் வந்தது. நிறைந்த வாரங்களிலும் நான் அவளிடம் நேற்றைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கு மனசு வரவில்லை.

பிறகு அவளுக்கு நைட் ஷிப்ட் வாரம் வந்தது. அந்த வாரத்தில் இரண்டு நாள் லீவு முடிந்து நான் போன காலை, பஸ் நாராயணவனத்தில் நின்றபோது அந்தச் செய்யாற்று அக்கா ஏறினார். கையில் ஒரு டிபன் கேரியர். சத்தியவேட்டில் தங்கியிருக்கிறவர் இங்கே எப்படி ஏறுகிறார் என்று பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்து உடனே கண்ணை மூடிக்கொண்டார். கேரியரை மடியில் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

நாங்கள் இறங்குகிற அதே பஸ்ஸில்தான் நைட் ஷிப்ட் முடித்தவர்கள் ஏறித் திரும்பிப் போவார்கள். தொழிற்சாலை வாசலில் அவர்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். நாராயணவனத்துக்காரியும் இருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன, தலைமுடியில் பிளாஸ்டிக் தூள். அக்கா இறங்கியதும் நேராக அவளிடம் போய்க் கேரியரைக் கொடுத்தார்.

“பாப்பா ஊத்துன தோசை” என்றார். “மாவு கொஞ்சம் புளிச்சிட்டிருந்துச்சு. கணக்குப் பரீட்சைக்குப் படிச்சிட்டுத்தான் படுத்துச்சு. கதவு ரெண்டு தாழ்ப்பாளும் நானே போட்டேன்.” சொல்லிவிட்டு வருகை அட்டையைத் தேய்க்க ஓடினார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவளுக்கு நைட் என்றால் அவருக்குப் பகல். தன் ஷிப்ட் முடிந்ததும் அவர் சத்தியவேட்டில் இறங்காமல் நேரே நாராயணவனம் போய்விடுகிறார். யாரும் அவரைக் கேட்கவில்லையாம், அவளே சொன்னாள். முதல் நாள் ராத்திரி பாயைச் சுருட்டிக்கொண்டு தானாகவே வந்து நின்றாராம்.

பழைய வழக்கப்படி அவள் டிபன் பையை ஒரு தட்டுத் தட்டினேன். “எங்க, நேத்து ராத்திரியைச் சொல்லுங்க பார்ப்போம்” என்றேன்.

அவள் பஸ் படியில் ஒரு காலை வைத்தபடி யோசித்தாள். பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் ஏறச் சொல்லிச் சத்தம் போட்டார்கள்.

“வீ ஸ்லெப்ட், மேடம்” என்றாள். “வீ ஸ்லெப்ட் வெல்.”

ராத்திரி முழுக்க மெஷின் முன்னால் நின்றுவிட்டு வந்தவள் அதைச் சொன்னாள்.